ரத்தத்தில் குறைவு, சிறுநீரில் அதிகம்: செரோடோனினைக் குறைக்க எதைச் சாப்பிடுவது?

கேள்வி: எனக்கு வயது 36. பதற்ற நோய்க்காக எட்டு மாதமாக எஸ்சிடலோபிராம் 10 மி.கி. சாப்பிட்டு வந்தேன். ஐந்து வாரத்துக்கு முன் மருத்துவர் அதை 20 மி.கி. ஆக்கினார். தூக்கம் சரியாக வராததால், ‘இயற்கையானது’ என்று ஒருவர் சொன்ன தூக்கக் காப்ஸ்யூலை நானாகவே இரவில் இரண்டு போட்டுக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் 5-ஹெச்டிபி 100 மி.கி. என்று போட்டிருக்கிறது. மூன்று வாரமாகக் கை லேசாக நடுங்குகிறது, வயிறும் இளகிப் போகிறது. இணையத்தில் படித்துவிட்டு நானே பரிசோதனை செய்துகொண்டேன். நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் செரோடோனின் ரத்தத்தில் 18 (இயல்பு 50 முதல் 200 நானோகிராம்/மி.லி.), அது சிதைந்து உண்டாகும் 5-ஹெச்ஐஏஏ 24 மணி நேரச் சிறுநீரில் 52 மி.கி. (இயல்பு 2 முதல் 8). இரண்டு நாளாக இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் கலந்த சிரப் குடிக்கிறேன். அதற்குப் பிறகு வியர்த்துக் கொட்டுகிறது, படுத்தால் கால் தானாகத் துடிக்கிறது. எந்த அறிக்கையை நம்புவது? சிறுநீர் அறிக்கையைப் பார்த்தால் கட்டி இருக்கும் என்கிறார்களே? செரோடோனினைக் குறைக்க பிசிஏஏ பொடி, ஜெலட்டின், வைட்டமின் பி6 இவற்றில் எதை, எவ்வளவு எடுக்கலாம்? எந்த உணவை விலக்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தின் அவசரமான பகுதிக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் வேறு சிலரும் இருக்கக்கூடும் என்பதால் அதையே இங்கும் முதலில் வைக்கிறோம்.

தூக்கக் காப்ஸ்யூலையும் இருமல் சிரப்பையும் இந்த நிமிடமே நிறுத்துங்கள். எஸ்சிடலோபிராமை நீங்களாக விட்டுவிட வேண்டாம். ஆனால் அடுத்த மாத்திரையை விழுங்குவதற்கு முன், அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசிவிடுங்கள். அந்த ஒரு வேளையைத் தள்ளிப்போடுவதா, அளவைக் குறைப்பதா, அப்படியே தொடர்வதா என்பதை உங்களை நேரில் பார்த்து அவர் முடிவு செய்யட்டும். அதுவும் இன்றே, வார இறுதி வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, கால்கள் விறைத்துக்கொண்டாலோ, பேச்சு குழம்பினாலோ, வலிப்பு வந்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம். மாத்திரை அட்டை, காப்ஸ்யூல் டப்பா, சிரப் பாட்டில் மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, கால் துடிப்பு ஆகிய நான்கும் ஒன்றாக, அதுவும் இந்த மூன்று மருந்துகளுக்குப் பின் வந்திருக்கின்றன. முதலில் சந்தேகிக்க வேண்டியது, செரோடோனினின் வேலை அளவுமீறும் செரோடோனின் சிண்ட்ரோம் எனப்படும் நச்சு நிலையைத்தான். இதை உறுதி செய்ய எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது. மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கிறார். முழங்காலை லேசாக மடக்கி, பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கித் தள்ளிப் பிடிப்பார். பாதம் தாளம் போடுவதுபோல் திரும்பத் திரும்ப அடித்தால் அது குளோனஸ். செரோடோனினைக் கூட்டும் மருந்து எடுப்பவருக்குக் குளோனஸும் அதிக வியர்வையும் சேர்ந்திருந்தாலே நோயை உறுதி செய்யலாம். நடுக்கத்தோடு முழங்கால் அனிச்சை மிகைப்பட்டிருந்தாலும் அப்படியே. 2003-ல் வகுக்கப்பட்ட ஹண்டர் அளவுகோல் இதைத்தான் சொல்கிறது. லேசான நிலையில் தூண்டிய மருந்தை நிறுத்தினாலே பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். சிலருக்கு வேகமாக முற்றவும் செய்யும். அவசரப்படுத்துவது அதனால்தான்.

இனி உங்கள் இரண்டு அறிக்கைகள். ஒன்று குறைவு என்கிறது, மற்றொன்று ஆறு மடங்குக்கு மேல் அதிகம் என்கிறது. இரண்டுமே சரியான அறிக்கைகள்தான். இரண்டுமே உங்கள் மூளையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

உடலில் உள்ள செரோடோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடல் சுவரில் உருவாகிறது. ரத்தத்துக்கு வரும் செரோடோனினை ரத்தத் தட்டணுக்கள் உறிஞ்சிப் பையில் போட்டு வைத்துக்கொள்கின்றன. அவற்றுக்குச் சொந்தமாகத் தயாரிக்கத் தெரியாது. உள்ளே இழுக்கும் ஒரு வாயில் மட்டும் உண்டு. மூளையின் நரம்பணுக்களில் இருப்பதும் அதே வாயில். எஸ்சிடலோபிராம் அடைப்பது அந்த வாயிலைத்தான். மூளையில் வாயிலை அடைத்தால் செரோடோனின் நரம்பணுக்களுக்கு இடையிலேயே தங்குகிறது, அதாவது அங்கே வேலை செய்யும் அளவு கூடுகிறது. தட்டணுவில் அடைத்தால் பை காலியாகிறது. ஆய்வகம் அளப்பது அந்தப் பையை. ஆக, இந்த வகை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் எவருக்கும் ரத்த செரோடோனின் மிகக் குறைவாகத்தான் வரும். 18 என்பது நீங்கள் மாத்திரையைத் தவறவிடவில்லை என்பதற்கு அத்தாட்சி. செரோடோனின் பற்றாக்குறை என்று அதைப் படித்து இன்னும் இரண்டு காப்ஸ்யூல் கூட்டிப் போடாமல் விட்டீர்களே, அது நல்லது.

சிறுநீர் அறிக்கை வேறு கதை. உணவில் வரும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் முதலில் 5-ஹெச்டிபி ஆகிறது, 5-ஹெச்டிபி செரோடோனின் ஆகிறது, வேலை முடிந்த செரோடோனின் சிதைந்து 5-ஹெச்ஐஏஏ ஆகிச் சிறுநீரில் போகிறது. இந்த வாய்க்காலில் மடை இருப்பது முதல் படியில். டிரிப்டோஃபான் எவ்வளவு வந்தாலும் அங்குள்ள நொதி நிதானமாகத்தான் வழிவிடும். சாதாரணமாக உணவின் டிரிப்டோஃபானில் ஏறத்தாழ ஒரு சதவீதமே செரோடோனின் ஆகிறது. 5-ஹெச்டிபி காப்ஸ்யூல் அந்த மடைக்குக் கீழே நேரடியாகத் தண்ணீரைக் கொட்டுகிறது. அதற்கு அடுத்த நொதிக்குத் தடை போடும் வழக்கமில்லை. வந்ததை எல்லாம் மாற்றும், குடலிலும் சிறுநீரகத்திலும் மூளையிலும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் தினமும் எடுத்தது 200 மி.கி. அது முழுவதும் மாறினால் சுமார் 170 மி.கி. 5-ஹெச்ஐஏஏ வரவேண்டும். வந்தது 52, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கட்டி எதையும் கற்பனை செய்யாமலே உங்கள் காப்ஸ்யூல் ஒன்றே இந்த எண்ணை விளக்கப் போதும். பரிசோதனைக்கு முன் ‘என்னென்ன எடுக்கிறீர்கள்’ என்று யாராவது கேட்டிருந்தால் இந்தப் பயமே வந்திருக்காது. நாமாகச் செய்துகொள்ளும் பரிசோதனையில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருப்பதில்லை.

மூளையிலும் நடந்தது இதன் மறுபக்கம். எஸ்சிடலோபிராம் வடிகாலைப் பெருமளவு அடைத்திருக்கிறது, ஐந்து வாரத்துக்கு முன் இன்னும் கொஞ்சம் அடைபட்டது. காப்ஸ்யூல் மேலிருந்து ஊற்றியது. மூன்று வாரமாக நடுக்கமாக வெளிப்பட்டது அதுவாக இருக்கலாம். டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் இருமலுக்கான சாதாரண மருந்தாகத் தெரிந்தாலும், அதுவும் செரோடோனின் உள்ளே இழுக்கப்படுவதைத் தடுக்கும் பொருள். கால் துடிப்பு அது வந்தபிறகு தொடங்கியதில் வியப்பில்லை. அளவு கூட்டியதன் சாதாரணப் பக்கவிளைவாகவும் நடுக்கமும் வயிற்றுப்போக்கும் வரலாம், தைராய்டு மிகையிலும் வரலாம். மருத்துவர் அவற்றையும் பார்ப்பார். கால் துடிப்பு மட்டும் பக்கவிளைவு என்று விட்டுவிடக்கூடியது அல்ல.

எதைச் சாப்பிட்டால் குறையும் என்று கேட்டிருக்கிறீர்கள். குறைப்பதற்கு நீங்கள் எடுக்க வேண்டியது எதுவும் இல்லை. நிறுத்த வேண்டியவை இரண்டு இருந்தன. ஆனாலும் நீங்கள் குறிப்பிட்ட மூன்றைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறோம்.

பிசிஏஏ பொடியில் இருப்பவை லியூசின், ஐசோலியூசின், வேலின். மூளைக்குள் நுழைய டிரிப்டோஃபானும் இவையும் ஒரே கடத்தியைப் பயன்படுத்துகின்றன. இவை கூட்டமாக வந்தால் டிரிப்டோஃபானுக்கு இடம் கிடைக்காமல், சில மணி நேரம் மூளையில் புதிய செரோடோனின் உற்பத்தி குறையும். இந்த அறிவியலில் பிழையில்லை. ஆராய்ச்சிக்கூடங்களில் இதே தத்துவத்தில், டிரிப்டோஃபான் மட்டும் இல்லாத அமினோ அமிலக் கலவையை 100 கிராம் வரை குடிக்கக் கொடுத்து, ஐந்தாறு மணி நேரத்தில் ரத்த டிரிப்டோஃபானைப் பெருமளவு இறக்குகிறார்கள். அதில் என்ன நடந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மனச்சோர்வு மருந்தால் தேறியிருந்தவர்களில் கணிசமானவர்களுக்கு அன்றே சோர்வு திரும்பியது. 1990-ல் வெளியான ஆய்விலேயே இது பதிவாகியிருக்கிறது. வழக்கமான உணவு சாப்பிட்டதும் சரியாயிற்று. அந்த ஆய்வுகள் மருத்துவர் பக்கத்தில் இருக்க நடந்தவை. சில கரண்டிப் பொடியால் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் ஓரளவு வேலை செய்தாலும் அது குறைப்பது உங்கள் மாத்திரை நம்பியிருக்கும் சரக்கைத்தான். ஏற்கெனவே நரம்பிடைவெளியில் தேங்கி நிற்பதை அது தொடுவதே இல்லை. இன்றைய பிரச்சினை அந்தத் தேக்கம்.

ஜெலட்டினில் டிரிப்டோஃபான் கிடையாது என்பது உண்மை. அதை மட்டுமே உண்டு வாழ்ந்தால் ஒழிய அதனால் பயனில்லை. அன்றைய மற்ற சாப்பாட்டில் பால், பருப்பு, முட்டை, இறைச்சி எது இருந்தாலும் டிரிப்டோஃபான் வந்துவிடும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாள் தேவை சுமார் 240 மி.கி.; சராசரி உணவில் அதைப் போல் பல மடங்கு இருக்கும்.

பி6 பற்றிய யோசனை தலைகீழாகவே இருக்கிறது. 5-ஹெச்டிபியைச் செரோடோனினாக மாற்றும் நொதிக்குத் துணைப்பொருளே இந்த வைட்டமின்தான். பல 5-ஹெச்டிபி காப்ஸ்யூல்களில் அதைச் சேர்த்தே விற்கிறார்கள். உங்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அதை அதிகம் எடுத்தால் செரோடோனின் குறையாது. மாதக்கணக்கில் அதிக அளவு எடுத்தால் பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல் என்று நரம்புச் சேதம் வரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை ஒரு நாளுக்கு 12 மி.கி. என்று இறக்கியது. தனி பி6 மாத்திரைகள் 50, 100 மி.கி. அளவில் வருகின்றன.

சைப்ரோஹெப்டடின் என்ற மாத்திரையையும் சிலர் இதற்காகத் தேடிப் போகிறார்கள். செரோடோனின் நச்சு நிலைக்கு மருத்துவமனையில் அதைக் கொடுப்பது உண்டு. அது செரோடோனினைக் குறைப்பதில்லை, செரோடோனின் போய் ஒட்டும் ஏற்பிகளை மறைக்கிறது. வீட்டில் போட்டுக்கொண்டால் நடுக்கம் அடங்கி நோய் முற்றுவது தெரியாமல் போகும். தூக்கக் கலக்கம், சிறுநீர் அடைப்பு, மனச்சோர்வு மருந்தின் பலன் மங்குவது இவையும் உண்டு. கைவைத்தியத்துக்கு அது வேண்டாம்.

உணவைப் பொறுத்தவரை பதில் இன்னும் சுருக்கம். வாழைப்பழத்திலும் அன்னாசியிலும் செரோடோனின் இருக்கிறது என்பதற்காக அவற்றை ஒதுக்க வேண்டாம். உணவில் உள்ள செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அது சிறுநீர்ப் பரிசோதனையை மட்டுமே குழப்பும். புரதத்தைக் குறைத்து டிரிப்டோஃபானைக் கட்டுப்படுத்தலாம் என்ற யோசனையும் வேண்டாம். உடலின் நியாசினில் (வைட்டமின் பி3) ஒரு பகுதி டிரிப்டோஃபானிலிருந்தே கிடைக்கிறது, 60 மி.கி.க்கு 1 மி.கி. என்ற கணக்கில். கடுமையாகப் புரதம் குறைத்தால் தசை கரையும், நியாசினும் குறையும், தூக்கமும் கெடும். இந்த இரண்டு மூன்று நாளுக்கு நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது நீர்ச்சத்து. வியர்வையும் வயிற்றுப்போக்கும் சேர்ந்திருப்பதால் உப்பு-சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். நடுக்கம் தணியும்வரை காபியும் மதுவும் வேண்டாம். மெக்னீசியம் மாத்திரை நரம்பை அமைதிப்படுத்தும் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், அது வயிற்றுப்போக்கைக் கூட்டும்.

கட்டி பற்றிய உங்கள் பயத்துக்கு வருவோம். குடலிலோ நுரையீரலிலோ வரும் சில நரம்பு-நாளமில்லாக் கட்டிகள் செரோடோனினைக் கொட்டுவது உண்மை. கார்சினாய்டு சிண்ட்ரோம் என்பது அதன் விளைவு. ஆனால் அதன் முகம் வேறு. முகமும் மார்பின் மேல்பகுதியும் சில நிமிடம் சிவந்து சூடாகும், பெரும்பாலும் வியர்க்காது. வயிற்றுப்போக்கு நீராகப் போகும். பட்டினி கிடந்தாலும், நள்ளிரவிலும் போகும். சிலருக்கு மூச்சில் வீசிங் சத்தம் கேட்கும். நடுக்கமும் கால் துடிப்பும் அதன் அடையாளம் அல்ல. அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு மட்டும் செரோடோனினைக் குறைப்பது உண்மையான சிகிச்சை. அதையும் ஆக்ட்ரியோடைடு, லான்ரியோடைடு ஊசிகளாலும், குடலில் அந்த முதல் மடையையே அடைக்கும் டெலோட்ரிஸ்டாட் மாத்திரையாலும் செய்கிறார்கள். டிரிப்டோஃபானில் பெரும்பங்கைக் கட்டி விழுங்கிவிடுவதால் அவர்களுக்கு நியாசினைக் குறைக்காமல், கூடுதலாகவே கொடுக்க வேண்டியிருக்கும்.

சந்தேகம் தீர ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இந்த முறை மருத்துவர் வழியாக. காப்ஸ்யூலை நிறுத்தி இரண்டு வாரம் போகட்டும். பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தும், சேகரிக்கும் நாளிலும் வாழைப்பழம், வாழைக்காய், அன்னாசி, கிவி, பிளம், தக்காளி, கத்தரிக்காய், அவகாடோ, வால்நட் வேண்டாம். பாரசிட்டமாலும், சளி இளக்க சிரப்பில் சேர்க்கும் குவைஃபெனெசினும் சில பரிசோதனை முறைகளில் எண்ணைப் பொய்யாக உயர்த்தும். அவற்றையும் காபி, புகையையும் தவிர்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்சிடலோபிராமை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை, படிவத்தில் அதைக் குறிப்பிட்டால் போதும்.

சேகரிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு பகலும் இரவும் போவது ஒரு சொட்டுவிடாமல் டப்பாவுக்குள் வரவேண்டும். மறுநாள் அதே நேரத்தில் போவதைச் சேர்த்து முடியுங்கள். முதல் நாள் முதல் சிறுநீரையும் சேர்த்தால் அளவு கூடும், இடையில் ஒருமுறை பிடிக்க மறந்தால் குறையும். டப்பாவின் அடியில் அமிலம் ஊற்றிக் கொடுத்திருப்பார்கள். அதைக் கொட்டிக் கழுவிவிடக் கூடாது, நேரடியாக அதில் சிறுநீர் கழிக்கவும் கூடாது. வேறு குவளையில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். வெளிச்சம் படாமல் குளிரில் வையுங்கள். கூடவே கிரியாட்டினின் என்ற தசைக் கழிவையும் அளக்கச் சொன்னால், சேகரிப்பு முழுமையா என்பது தெரிந்துவிடும். அப்போதும் 5-ஹெச்ஐஏஏ உயர்ந்தே இருந்தால் குடல்நோய் அல்லது நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் போகலாம்.

மருத்துவர் எஸ்சிடலோபிராமைக் குறைக்கச் சொன்னால் அவர் சொல்லும் வேகத்தில் குறையுங்கள். திடீரென்று விட்டால் ஓரிரு நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு தொடங்கும். நடுக்கமும் வியர்வையும் அதிலும் உண்டு, பிறகு எது எதனால் என்று பிரிப்பது கடினம். தூக்கக் குறைவை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். மாத்திரையை இரவில் போடுகிறீர்கள் என்றால் காலைக்கு மாற்றுவதே சிலருக்குப் போதுமாகிறது.

இனி எந்தக் காப்ஸ்யூல் வாங்கினாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். 5-ஹெச்டிபி என்றே எழுதாமல் ஆக்ஸிட்ரிப்டான் என்றோ, அது எடுக்கப்படும் செடியான கிரிஃபோனியா சிம்ப்ளிசிஃபோலியா விதைச் சாறு என்றோ போட்டிருப்பார்கள். மனச்சோர்வுக்கு விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை ஹைபெரிகம் என்ற பெயரில் இருக்கும். இவையும், எல்-டிரிப்டோஃபான், சாம்-இ என்ற பெயர்களில் வரும் துணைமாத்திரைகளும் உங்கள் மாத்திரையோடு சேரக் கூடாது. மருந்துகளில் அப்படிச் சேரக் கூடாத டிரமடால், பெத்திடின் என்ற வலிநிவாரணிகள், லினசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, மெத்திலீன் புளூ என்ற சாய மருந்து இவற்றின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். பல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் உங்கள் மாத்திரையைப் பற்றிக் கேட்க மறந்தாலும் அந்தச் சீட்டைக் காட்டலாம்.

காய்ச்சல், தலைவலிக்கு உங்களுக்கு ஏற்றது பாரசிட்டமால். ஐபுபுரோஃபென் வகை வலிநிவாரணிகளை வழக்கமாக்க வேண்டாம். ரத்தம் உறையத் தட்டணுக்கள் தங்கள் பையில் உள்ள செரோடோனினையும் பயன்படுத்துகின்றன, உங்கள் பை காலி என்று அந்த 18 காட்டிவிட்டது. அதோடு ஐபுபுரோஃபெனும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். இருமலுக்கு இப்போதைக்கு ஒரு கரண்டித் தேன் போதும். சிரப் அவசியமென்றால் லேபிளில் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் என்ற முழுப்பெயரை மட்டும் தேடாதீர்கள். சிரப்பின் பெயருக்குப் பின்னால் ‘டிஎம்’, ‘டிஎக்ஸ்’ என்று ஒட்டிக்கொண்டிருந்தால் அதே மருந்தாக இருக்கக்கூடும், மருந்தாளுநரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.